வெள்ளவத்தை மணலில் பிளாஸ்டிக் எண்ணுவது எப்படி

கையில் சாக்கோடு கடற்கரைக்குப் போய், போத்தலும் யோகட் கோப்பையும் பொறுக்கி, கடைசியில் பதாகை பிடித்துப் படம் எடுத்துக்கொள்ளும் சிரமதானம் கொழும்பில் தாராளமாக நடக்கிறது. நடக்கட்டும். ஆனால் அந்தச் சாக்குக்குள் அகப்படாத ஒன்று மணலிலேயே தங்கிவிடுகிறது. அதுதான் ஐந்து மில்லிமீற்றருக்கும் சிறிய பிளாஸ்டிக். அதைப் பொறுக்கி முடிக்க எவராலும் முடியாது, எண்ண முடியும். ஒரே இடத்தில், ஒரே முறையில், மாதாமாதம் எண்ணிக் கொப்பியில் எழுதி வந்தால், அந்தக் கரைக்கு என்ன நேர்கிறது என்று நிறுவ ஒரு சான்று உண்டாகும். ஒரு நாள் கூட்டி அள்ளிய பத்துச் சாக்குக் குப்பையை விட அந்தக் கொப்பிக்கு மதிப்பு அதிகம் என்பது என் கட்சி.

உயர்தர வகுப்புக்கு இரசாயனவியல் படிப்பித்து ஓய்வு பெற்றவள் நான். மரைன் டிரைவுக்குப் பக்கத்தில் ஒரு தொடர்மாடியில் இருக்கிறேன். அயல் வீட்டுப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு இந்த எண்ணும் வேலையைச் செய்துவருகிறேன். இதற்கு ஆய்வுகூடம் வேண்டாம். குசினியில் இருக்கும் சாமான்களும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

எதைத் தேடுகிறோம்

முதலாவது, பிளாஸ்டிக் உருண்டை. தொழிற்சாலைகளில் உருக்கி வாளியாகவும் போத்தலாகவும் வார்ப்பதற்கு முன், மூலப்பொருள் இந்த வடிவில்தான் கப்பலேறுகிறது. சமைக்காத சவ்வரிசியைப் பார்த்திருப்பீர்கள். அதே அளவு, அதே பால் வெள்ளை. 2021 மே 20ஆம் திகதி கொழும்புத் துறைமுகத்துக்கு அப்பால் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் தீப்பற்றியபோது அதில் 1,486 கொள்கலன்கள் இருந்தன. அவற்றில் ஏறக்குறைய 1,680 தொன் உருண்டைகள் இருந்தன. ஒரு கொள்கலனில் நைத்திரிக் அமிலம் கசிகிறது என்று தெரிந்தும் கட்டாரிலும் இந்தியாவிலும் அந்தக் கொள்கலனை இறக்க இடம் கிடைக்காமல், கப்பல் அப்படியே நம் கரைக்கு வந்துசேர்ந்தது. எரிந்து, ஜூன் மாதத்தில் மூழ்கியது. உலகில் பதிவான உருண்டைக் கசிவுகளில் இதுவே மிகப் பெரியது என்று ஐக்கிய நாடுகளின் நிபுணர் குழு சொன்னது. பமுணுகம, சரக்குவப் பக்கக் கரைகள் பனி பெய்ததுபோல் வெளுத்துக் கிடந்த படங்களை மறந்திருக்க மாட்டீர்கள். 2025 ஜூலையில் உயர் நீதிமன்றம் நூறு கோடி அமெரிக்க டொலர் இழப்பீடு செலுத்த உத்தரவிட்டது. உருண்டைகளுக்கு நீதிமன்றம் தெரியாது. மணலுக்குள் இறங்கியவை கடல் கொந்தளிக்கும்போதெல்லாம் மேலே வருகின்றன.

ஓர் உருண்டை சுமார் 25 மில்லிகிராம் நிறையுள்ளது. அப்படியானால் ஒரு கிலோவில் 40,000. காக்கைதீவுக் கரையில் நாங்கள் அரித்துக்கொண்டிருந்தபோது மீன்பிடிக்கிற ஒருவர் பக்கத்தில் வந்து குந்தி, “டீச்சர், இதில் ஒரு கிலோ சேர்த்தால் என்ன விலைக்கு எடுப்பார்கள்?” என்று கேட்டார். கணக்கைச் சொன்னேன். “அப்படியென்றால் நான் கணவாய்க்கே போகிறேன்” என்று எழுந்துவிட்டார். கப்பலில் இருந்தது எத்தனை என்பதை நீங்களே பெருக்கிப் பாருங்கள்; 6,700 கோடிக்கு மேல் வரும்.

இரண்டாவது, உடைந்த துண்டு: வாளி, மூடி, கதிரை எல்லாம் வெயிலில் நொறுங்கி வருபவை. மூன்றாவது, ரெஜிபோம் (பொதிகளுக்குள் வைக்கும் இலேசான வெள்ளைப் பிளாஸ்டிக்) மணி. நான்காவது, இழை. இழை ஒரு தலைவலி. அதைத் தனியாகச் சொல்கிறேன்.

ஐந்தாவதாக, நம் மேற்குக் கரைக்கே உரியதென்று ஒன்று உண்டு. தீயில் வெந்து ஒட்டிக் கட்டியான, சாம்பல் அல்லது கறுப்பு நிறத் துண்டு. கல் என்று நினைத்துத் தாண்டிப் போவீர்கள். கையில் எடுத்தால் கல்லின் பாரம் இருக்காது. கையுறை இல்லாமல் எடுக்க வேண்டாம். எரியாத உருண்டைகளை விட எரிந்த துண்டுகளில் இரசாயனங்களின் வகை அதிகம் என்று, கரையில் சேகரித்த மாதிரிகளை ஆராய்ந்தவர்கள் கண்டிருக்கிறார்கள்.

என்னென்ன எடுத்துப் போக வேண்டும்

ஒரு உலோக அரிதட்டு. மாவரிக்கும் தட்டின் கண் மிகச் சிறிது, ஈர மணல் அடைத்துக்கொள்ளும். ஜன்னலுக்கு அடிக்கும் உலோக நுளம்பு வலையை ஒரு மரச்சட்டத்தில் ஆணியடித்தால் நல்ல அரிதட்டு தயார். இரண்டு வாளி, ஒரு சிறு மண்வாரி, மூடியுள்ள கண்ணாடிப் போத்தல்கள் (ஜாம் போத்தல் உத்தமம்), இடுக்கி, கையுறை, பென்சில், கொப்பி. இரண்டு மீற்றர் தும்புக் கயிறு. ஐம்பது சென்ரிமீற்றருக்கு ஒரு முடிச்சு. நைலோன் கயிறு வேண்டாம். அதிலிருந்து உதிர்வதையே நீங்கள் எண்ணிக்கொண்டிருப்பீர்கள்.

உடுப்பும் அப்படியே. பருத்தி உடுத்துங்கள். விளையாட்டு அணியின் பளபளக்கும் பொலியெஸ்டர் சேர்ட்டில் வரும் பிள்ளையை நான் வீட்டுக்கு அனுப்பி மாற்றிக்கொண்டு வரச் சொல்வதுண்டு. தாய்மார் கோபிப்பார்கள். கோபிக்கட்டும்.

இடமும் நேரமும்

வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் கடலுக்கும் வீதிக்கும் நடுவே ரயில் பாதை ஓடுகிறது. கடற்காற்றின் இரைச்சலில் ரயில் வருவது கேட்காது. கடவை உள்ள இடத்தில் மட்டும் கடவுங்கள். தண்டவாளத்தில் நடந்து போவதைப் பிள்ளைகளுக்கு அடியோடு தடை செய்யுங்கள். பாறாங்கல் கொட்டிய இடங்களில் எண்ண மணல் இல்லை. மணல் திட்டாகப் பரந்த ஒரு நூறு மீற்றரைத் தேர்ந்தெடுத்து, மாறாத அடையாளம் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: ஒரு மின்கம்பம், ஒரு சுவரின் மூலை. தெஹிவளை, கல்கிசைப் பக்கத்தில் மணல் அகலம்; புதிதாகத் தொடங்குபவர்களுக்கு அதுவே வசதி. வடக்கே மட்டக்குளி, காக்கைதீவில் களனி கங்கை கொண்டுவருவதும் கடல் கொண்டுவருவதும் கலந்து கிடக்கும். அங்கே எண்ணிக்கை எகிறும், ஆனால் எது எங்கிருந்து வந்தது என்று பிரிப்பது சிரமம்.

பெரிய மழைக்கு மறுநாள் கால்வாய் வாய்களுக்கு அருகே போக வேண்டாம். வெள்ளவத்தைக் கால்வாயும் தெஹிவளைக் கால்வாயும் நகரத்தின் கழிவைக் கடலில் தள்ளும் நாள் அது. தண்ணீர் மோசம். மணலில் ஊசியும் உடைந்த கண்ணாடியும் கிடக்கும்.

கொழும்பில் வற்றுப் பெருக்கின் உயர வேறுபாடு ஒரு மீற்றருக்கும் குறைவு. ஆகவே அட்டவணை பார்த்துத் தவம் கிடக்க வேண்டியதில்லை. அலை கடைசியாக ஏறி விட்டுப்போன குப்பைக் கோடு ஒன்று மணலில் தெரியும்: பாசி, குச்சி, மூடி எல்லாம் வரிசையாக. நமக்கு வேண்டியது அந்தக் கோடு. பை, மூடி, உருண்டை எல்லாம் பெரும்பாலும் பொலிஎதிலீன், பொலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக் வகைகள்; இவை கடல்நீரை விட இலேசானவை. மிதந்து வந்து அங்கேதான் ஒதுங்கும். காலை ஆறரைக்கு முன் போய்விட்டால், கரை பெருக்குபவர்கள் வருமுன் முடித்துவிடலாம்.

மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவப்பெயர்ச்சிக் காலத்தில் கடல் கரையைத் தின்னும், பிறகு திருப்பித் தரும். அந்த மாதங்களில் எண்ணிக்கை ஏறி இறங்குவதைக் கண்டு கலங்க வேண்டாம். ஆனால் அலை கரையைத் தட்டும் நாளில் பிள்ளைகளோடு போகவும் வேண்டாம். அன்று கொப்பியில் “கடல் கொந்தளிப்பு, எண்ணவில்லை” என்று எழுதினால் போதும்.

சதுரம் போடுதல்

இந்த வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. கயிற்றின் நான்கு முடிச்சுகளில் நான்கு குச்சி நட்டு இழுத்தால் ஐம்பதுக்கு ஐம்பது சென்ரிமீற்றர் சதுரம் கிடைக்கும். ஐந்து சதுரம் போட வேண்டும். எங்கே போடுவது என்பதை உங்கள் கண் தீர்மானிக்கக் கூடாது. வெள்ளையாகக் கொட்டிக் கிடக்கும் இடத்துக்கே கால் தானாகப் போகும், பிள்ளைகள் “டீச்சர், இங்கே நிறைய!” என்று கூவுவார்கள். அதற்கு மசிந்தால் கணக்குக் கெட்டது. வீட்டிலேயே ஒன்றிலிருந்து நூறு வரை எழுதிய துண்டுச் சீட்டுகளைக் குலுக்கி ஐந்து எடுங்கள். அடையாளக் கம்பத்திலிருந்து அத்தனை மீற்றர் அளந்து, அங்கே குப்பைக் கோட்டின் மேல் சதுரம். அந்த இடம் துப்புரவாக இருந்தாலும் அதே இடம்தான். பூச்சியமும் ஓர் எண்.

மேலிருந்து ஐந்து சென்ரிமீற்றர் ஆழம் வரை மணலை வாருங்கள். கணக்குப்படி பன்னிரண்டரை லீற்றர். ஒரு வாளி நிறைந்து கொஞ்சம் மிஞ்சும். உலர்ந்த மணல் என்றால் நேரே அரிக்கலாம். ஈர மணல் என்றால் அரிதட்டைக் கடல்நீர் நிறைந்த வாளிக்குள் அமிழ்த்தி ஆட்டுங்கள். மணல் கீழே இறங்கும், பிளாஸ்டிக் மிதக்கும். தட்டில் மிஞ்சியதை ஒரு போத்தலில் போட்டு, சதுரத்தின் இலக்கத்தைப் பென்சிலால் எழுதிய சீட்டை உள்ளே இடுங்கள். மணலை அதே குழியில் கொட்டி மூடுங்கள்.

கரையின் மேல்பகுதியில், செடி தொடங்கும் இடத்தில் தோண்டாதீர்கள். உலகில் உள்ள ஏழு வகைக் கடலாமைகளில் ஐந்து இலங்கைக் கரைகளில் முட்டையிடுகின்றன. இங்கே சிறு பிளாஸ்டிக்கின் இன்னொரு வேலையையும் சொல்ல வேண்டும். ஆமைக் குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணலின் வெப்பம் தீர்மானிக்கிறது. சூடு கூடினால் பெண். பிளாஸ்டிக் கலந்த மணலில் வெப்பமும் நீரும் நகரும் விதம் மாறுகிறது என்று பரிசோதனைகள் காட்டியிருக்கின்றன. ஆமை அதை விழுங்க வேண்டுமென்றுகூட இல்லை. கூடு இருக்கும் மணலில் அது போதிய அளவு கிடந்தாலே கேடு.

இது பிளாஸ்டிக்தானா?

வீட்டுக்கு வந்து ஒரு வெள்ளைத் தட்டில் கொட்டிப் பாருங்கள். ஏமாற்றும் பொருட்கள் பல. சிப்பித் துண்டில் ஒரு துளி வினாகிரி விட்டால் நுரைக்கும். மீன் முட்டை நசுங்கும். விதையை வெட்டினால் உள்ளே பருப்பு தெரியும். மருந்துப் போத்தலில் வரும் சிலிக்கா மணி உருண்டையைப் போலவே இருக்கும், ஆனால் நீரில் அமிழும். பிளாஸ்டிக்கை நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழும், நொறுங்காது.

அப்படியும் சந்தேகம் என்றால் சூட்டு ஊசி. தையல் ஊசியை இடுக்கியால் பிடித்து மெழுகுதிரியில் பழுக்கக் காய்ச்சித் தொட்டால் பிளாஸ்டிக் உருகும் அல்லது சுருளும். பெரியவர் ஒருவர், ஜன்னலைத் திறந்து வைத்து, சந்தேகமான ஓரிரண்டு துண்டுக்கு மட்டும் இதைச் செய்ய வேண்டும். எல்லாவற்றையும் சுட்டுப் பார்க்கும் ஆசை பையன்களுக்கு வரும், புகை நல்லதல்ல.

உருண்டைகளை வெள்ளை, மஞ்சள், எரிந்தவை என்று பிரித்து எண்ணுங்கள். மஞ்சளித்தவை நெடுநாள் வெயிலிலும் கடலிலும் கிடந்தவை. கடல்நீரில் மிக நுண்ணிய அளவில் இருக்கும் பிசிபி (தொழிற்சாலைகளில் பயன்பட்ட ஓர் இரசாயனம்) போன்ற நஞ்சுகள் உருண்டையின் மேல் சேர்ந்து, சுற்றியுள்ள நீரை விட இலட்சக்கணக்கான மடங்கு செறிவடையக்கூடும் என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2001இல் காட்டினார்கள். அவர்களில் ஒருவரான பேராசிரியர் ஹிதேஷிகே தகாதா, பல நாட்டுக் கரைகளிலிருந்து மக்கள் தபாலில் அனுப்பும் உருண்டைகளை வைத்துக் கடலின் மாசை அளக்கும் திட்டம் ஒன்றை 2005இல் தொடங்கினார். கரையில் நடந்து போகிறவர் கையிலிருந்து அறிவியலுக்குச் சரக்குப் போவது புதிய விடயமல்ல.

ஒன்றில் கவனம் வேண்டும். கையில் அகப்பட்ட ஒவ்வோர் உருண்டையையும் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பலின் தலையில் கட்டாதீர்கள். 2025 மே 25இல் கொச்சிக்கு அப்பால் எல்சா 3 என்ற கப்பல் மூழ்கிக் கேரளக் கரைகளிலும் கன்னியாகுமரிப் பக்கத்திலும் உருண்டை ஒதுங்கியது. அதற்கும் முன், 1972இலேயே அத்திலாந்திக் கடலின் மேற்பரப்பில் உருண்டைகள் மிதப்பதை ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். எந்தக் கப்பல் என்பதை ஆய்வுகூடம் சொல்லட்டும். நீங்கள் எண்ணையும் நிறத்தையும் எழுதுங்கள்.

உப்புக் கரைசல்

அரிதட்டின் கண் வழியே நழுவிய சிறு துண்டுகளைப் பிடிக்க உப்பு உதவும். ஒவ்வொரு சதுரத்திலிருந்தும் அரை லீற்றர் மணலைத் தனிப் போத்தலில் கொண்டுவாருங்கள். ஒரு லீற்றர் நீரில் 350 கிராம் உப்பைக் கரையுங்கள். ஏறக்குறைய நிறைகரைசல் (இதற்கு மேல் உப்புக் கரையாது); நீரின் அடர்த்தி 1 என்றால் இதனுடையது 1.2க்குக் கிட்ட வரும், ஆகவே நீரில் அமிழும் சில பிளாஸ்டிக்கும் இதில் மிதக்கும். கரைசலைக் கோப்பி வடிக்கும் தாளில் கட்டாயம் வடித்தெடுங்கள். கடலுப்பிலேயே நுண் பிளாஸ்டிக் இருக்கிறது.

இரண்டு லீற்றர் கண்ணாடிப் பாத்திரத்தில் மணலையும் கரைசலையும் விட்டு உலோகக் கரண்டியால் இரண்டு நிமிடம் கலக்கி, ஒரு மணி நேரம் மூடி வையுங்கள். ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவம் விட்டால் மணற்பொடி நீரின் தோலில் ஒட்டிக்கொண்டு மிதப்பது நிற்கும். பிறகு மேல்நீரை மட்டும் தாளில் வடியுங்கள். இன்னொரு முறை அதே மணலில் செய்யுங்கள். தாளை நன்னீரில் அலசி, உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். கரைசலைக் கொட்டாமல் வடித்து அடுத்த சதுரத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

படிப்பிக்கிறவர்களுக்கு இதில் ஒரு நல்ல பாடம் இருக்கிறது. கிடைத்த துண்டுகளை முதலில் நன்னீரில் போடுங்கள். மிதப்பது பெரும்பாலும் பொலிஎதிலீன் அல்லது பொலிபுரொப்பிலீன்: ஷொப்பிங் பை, மூடி, உருண்டை. நன்னீரில் அமிழ்ந்து உப்பில் மிதப்பது பொலிஸ்ரைரீனாகவோ நைலோனாகவோ இருக்கலாம். குடிநீர்ப் போத்தல் செய்யும் பெட் (PET) என்ற பிளாஸ்டிக்கும் குழாய் செய்யும் பிவிசியும் உப்பிலும் மிதக்காது. மணலோடு அடியில் நின்றுவிடும். ஆகையால் உங்கள் எண்ணிக்கை எப்போதும் உண்மையை விடக் குறைவுதான். அதையும் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

இழைத் தலைவலி

தாளில் சிவப்பு, நீல இழைகள் தெரியும். பிள்ளைகள் துள்ளுவார்கள். இங்கேதான் பிரேக் போட வேண்டும். ஆறு கிலோ அக்ரிலிக் துணியை ஒரு முறை தோய்த்தால் ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்ட இழைகள் உதிரலாம் என்று பிளிமத் பல்கலைக்கழகத்தில் 2016இல் அளந்தார்கள். ஆகவே கடலில் செயற்கை இழை உண்டு, ஐயமில்லை. ஆனால் கடல்நீரில் மிதக்கும் இழைகளில் பெரும்பகுதி பருத்தி போன்ற இயற்கை நாருக்குரியது என்று 2020இல் வந்த விரிவான ஆய்வு ஒன்று காட்டியது. சாயமிட்ட பருத்தி இழையும் பொலியெஸ்டர் இழையும் உருப்பெருக்கிக் கண்ணாடிக்கு ஒன்றுபோலவே தெரியும். போதாததற்கு உங்கள் வீட்டு மின்விசிறி வேறு இழையைப் பறக்கவிட்டுக்கொண்டிருக்கும்.

அதனால் ஒவ்வொரு தடவையும் ஒரு வெற்றுச் சோதனை செய்யுங்கள்: மணலே போடாமல், கரைசலை மட்டும் அதே பாத்திரம், அதே தாள், அதே நேரம் வைத்து வடித்துப் பாருங்கள். அதில் விழும் இழை உங்கள் வீட்டுடையது. இழைக்குக் கொப்பியில் தனி நிரல். பிரதான எண்ணிக்கையில் சேர்க்க வேண்டாம். செய்தித்தாளுக்குக் கொடுக்கக் கவர்ச்சியான எண் அதுதான் என்பது எனக்கும் தெரியும். அதனால்தான் சொல்கிறேன்.

எண் எதைக் குறிக்கிறது

ஒரு சதுரம் கால் சதுர மீற்றர். ஐந்து சதுரங்களின் சராசரியை நான்கால் பெருக்கினால் ஒரு சதுர மீற்றருக்கு இத்தனை என்று வரும். சராசரியோடு ஐந்து எண்களையும் தனித்தனியே எழுதுங்கள். நான்கு பூச்சியமும் ஒரு எண்பதும், ஐந்து பதினாறும் ஒரே சராசரிதான், ஆனால் ஒரே கரையல்ல.

“இதைத் தெரிந்து என்ன பயன், மீன் சாப்பிடலாமா?” என்பதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி. பாரை, அறக்குளா போன்ற பெரிய மீனின் குடலை நாம் நீக்கிவிடுகிறோம். பிளாஸ்டிக் துண்டு பெரும்பாலும் குடலில்தான் கிடக்கும். நெத்தலியைப் பலர் முழுசாகப் பொரிக்கிறோம். தலையும் குடலும் கிள்ளி எறிவது நல்ல பழக்கம்; என் தாயார் காரணம் தெரியாமலே அப்படிச் செய்தார். நெத்தலி இனமொன்று, கடலில் ஊறிப் பாசி படிந்த பிளாஸ்டிக்கின் மணத்தை உணவின் மணம் என்று எண்ணிக் கூடி வருவதைக் கலிபோர்னியாவில் 2017இல் கண்டார்கள்.

நம் தட்டை விட்டு வெளியே வந்தால் விடயம் இன்னும் பெரிது. கடலில் மிதக்கும் நுண்ணிய விலங்குகள் உண்டு கழிக்கும் எச்சம் கனமாக அடியில் போய்ச் சேர்வதால்தான் மேற்பரப்பின் காபனில் ஒரு பங்கு ஆழத்துக்கு இறங்குகிறது. அவை பிளாஸ்டிக் துகளை விழுங்கினால் எச்சம் இலேசாகி மெதுவாக இறங்குகிறது, வழியிலேயே உடைந்தும் போகிறது என்று ஆய்வுகூடத்தில் கண்டிருக்கிறார்கள். வயிறு நிறையப் பிளாஸ்டிக் இருந்தால் இரை தின்னும் அளவும் முட்டையிடும் அளவும் குறைகின்றன. நீங்கள் அரிதட்டில் பிடிக்கும் உருண்டை இந்த உயிர்களின் வாய்க்குப் பெரிது. ஆனால் அது வெயிலில் நொறுங்க நொறுங்க அவற்றின் வாய்க்குப் பொருத்தமாகிக்கொண்டே போகிறது.

கொப்பியில் எழுத வேண்டியவை: திகதி, நேரம், காற்றின் திசை, முந்தின நாள் மழை, அடையாளக் கம்பம், ஐந்து சதுர இலக்கங்கள், நிறவாரியான எண்ணிக்கை, வெற்றுச் சோதனையின் எண்ணிக்கை, எண்ணியவர் பெயர். இரண்டு பிள்ளைகள் ஒரே தட்டைத் தனித்தனியே எண்ணட்டும். எண் ஒத்துவராவிட்டால் மூன்றாவது ஆள். மாதத்தின் அதே வாரத்தில் போங்கள். ஓராண்டு சேர்ந்த பிறகு பிரதி எடுத்துக் கடல் சூழல் பாதுகாப்பு அதிகாரசபைக்கும் பக்கத்துப் பாடசாலை ஒன்றுக்கும் கொடுக்கலாம். மூலக் கொப்பியை மட்டும் யாரிடமும் கொடுக்காதீர்கள்.

எண்ணி முடித்ததைக் குப்பைத் தொட்டியில் போட்டால் அடுத்த மழைக்குத் திரும்பவும் கால்வாய்க்கு வரும். எரிக்கவும் வேண்டாம். மூடிய கண்ணாடிப் போத்தலில் திகதியும் இடமும் எழுதி அலுமாரியில் வையுங்கள். பின்னால் யாராவது ஆய்வுக்குக் கேட்பார்கள். அரிதட்டையும் பாத்திரத்தையும் கழுவும் நீரைத் துணியில் வடித்த பிறகே வெளியே ஊற்றுங்கள். அந்தப் பாத்திரம் இனிமேல் சமையலுக்கு ஆகாது என்பதை வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.